மூன்று மாதம் முடியும்வரை

இடது கை சர்க்யூட் போர்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. வலது கை பிரஷைத் தின்னரில் தோய்த்து, ஈயம் வைத்த இடங்களில் படிந்த பழுப்புக் கறையைத் துடைத்தது. ஒரே பக்கமாகத் துடைக்க வேண்டும். பிரஷ் திரும்பி வந்தால் கறை பரவிவிடும். தட்டில் இன்னும் ஆறு போர்டுகள் பாக்கி.

முகக்கவசத்தையும் தாண்டி வாடை ஏறியது. கை நின்றது.

"என்ன கலா, மூணு நாளா இப்படியே இருக்கே?" பக்கத்து இருக்கையிலிருந்து ரமணி கேட்டாள்.

"காஸ்ட்ரிக் லா, அக்கா."

"அந்தக் காஸ்ட்ரிக்குக்குப் பேர் பார்த்தாச்சா?"

சந்திரகலா சிரிக்கவில்லை. கிள்ளானில் இந்தத் தொழிற்சாலைக்கு வந்து நான்கு வருடம், எல்லாம் ஒப்பந்த வேலை. நிரந்தரமாக்கப்படுகிறவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குப் போகிறது. கர்ப்பம் என்று சொன்னால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே தின்னர் கிடையாது. ஆனால் அங்கே போன எவள் பெயரும் பட்டியலில் வந்ததில்லை.

மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது மாமியாரின் கண்டிப்பு. கண் பட்டுவிடுமாம். போன வருடக் கர்ப்பத்திலும் அப்படித்தான் இதே இருக்கையில் பேசாமல் இருந்தாள். பத்தாவது வாரம், தொழிற்சாலைக் கழிவறையில் எல்லாம் முடிந்துபோனது. தின்னர்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டாள். அதுதான் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்.

இப்போது ஒன்பதாவது வாரம். கிளினிக்கில் கொடுத்த பிங்க் நிறக் கர்ப்பகாலப் புத்தகத்தை, லாக்கரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஓவராலுக்குள் செருகியிருந்தாள்.

நான்காவது போர்டில் பிரஷ் திரும்பி வந்துவிட்டது. நான்கு வருடத்தில் செய்யாத தவறு. மூச்சை அடக்கிக்கொண்டு முதலிலிருந்து துடைத்தாள்.

ரமணி அவள் பக்கம் சாய்ந்தாள். "வெள்ளி வரைக்கும் தாக்குப்பிடி. மூணு நாள்தானே?"

போன தடவையும் சந்திரகலா இப்படி ஏதோ ஒரு நாளை எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி போர்டை விளக்கில் சாய்த்துப் பார்த்தாள். கறை இல்லை. தட்டுச் சீட்டில் தன் ஊழியர் எண்ணை எழுதினாள்.

லைன் லீடர் வாசு வந்து நின்றார். "முடிஞ்சதா, கலா? உன் பேரு லிஸ்ட்ல இருக்கு. கெடுத்துக்காத."

"முடிஞ்சது, அண்ணே."

அவள் ஓவராலுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்துச் சீட்டின் மேல் வைத்தாள். பிறகு இரண்டு கைகளாலும் தட்டை அவரிடம் நீட்டினாள்.