ஹெலிகாப்டருக்கு அடியில் எலுமிச்சம்பழம்

மூன்றரை வருடம் உட்கார்ந்து நான் ஒரு திருட்டு விளையாட்டைச் செய்தேன். திருடுவதைப் பற்றிய விளையாட்டு என்று எழுத வந்தேன். பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும்.

செல்போனில் ஆடுகிற ஆட்டம் அது. ஒரு ஊர் முழுக்க இஷ்டம்போல் சுற்றலாம். கண்ணில் படும் வண்டியை மறித்து, ஓட்டுகிறவரை இழுத்துப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். போலீஸ் துரத்தும். வெளிநாட்டுக்காரர்கள் இப்படி ஒன்றை எப்போதோ செய்துவிட்டார்கள், உலகமே ஆடியது. தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் நானும் ஆடினேன். கல்லூரியில் வாங்காத மதிப்பெண்களை எல்லாம் அங்கேதான் வாங்கினேன். அதற்குப் பிறகு வந்த ஆட்டங்களில் முக்கால்வாசி அதைப் பார்த்துச் செய்தவை. மூலையில் வட்டமாக ஒரு வரைபடம், குற்றம் கூடக் கூட ஏறும் நட்சத்திரங்கள், வண்டிக்குள் உட்கார்ந்ததும் பாடும் ரேடியோ. எல்லாரும் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். மற்றவர்களுக்கு எடுக்கும்போது கொஞ்சம் கூச்சம் இருந்தது.

இதற்காக ஓசூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு அதியமான்கோட்டையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி செவிலியர். அவள் சம்பளத்தில் வீடு ஓடியது. போனில் ஆட்டங்களை இறக்கும் ஆன்லைன் கடையில் என் ஆட்டம் நிலைத்துவிட்டால் பிழைத்தேன். இல்லாவிட்டால் முப்பத்தாறு வயதில் ஓசூருக்குத் திரும்பிப் போய், என்னிடம் வேலை கற்றுக்கொண்டவனிடமே வேலை கேட்டு நிற்க வேண்டும்.

சொந்தமாக ஏதாவது இருக்கட்டுமே என்று நம்மூரை வைத்தேன். நெடுஞ்சாலை, டோல்கேட், தூரத்தில் தீர்த்தமலை. ஆனால் கதாநாயகனுக்குப் பூப்போட்ட சட்டை. அவர்கள் ஆட்டத்தில் அப்படித்தான் இருந்தது. அவர்கள் ஊரில் கடல் இருந்தது, ஆகவே கடத்தூரைத் தாண்டியதும் நானும் ஒரு கடலை வைத்தேன்.

மனைவிக்குக் கடத்தூர்தான் பிறந்த ஊர். திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஏங்க, எங்க ஊர்ல ஏதுங்க கடலு?"

"ஆட்டத்துக்குத் தேவைப்படுது."

"கொழாயில தண்ணி வர்றதுக்கே நாலு நாளாவுது. ஆட்டத்துக்குன்னா கடலே வந்துருமா?"

வாடகைக் கார் ஓட்டும் அவள் தம்பிதான் என் ஆட்டத்தை முதலில் ஆடிப் பார்த்தவன். அந்த வாரம்தான் அவன் ஒரு பழைய காரை வாங்கிக் கோயிலில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வந்திருந்தான். என் கதாநாயகன் ஒரு காரைத் திருடி, இரண்டு தெரு போவதற்குள் மின்கம்பத்தில் மோதினான்.

"மாமா, உங்காளு பழம் வெக்காம வண்டிய எடுக்கறானுங்க. அதான் முட்டறான்."

"திருட்டு வண்டிக்கு எதுக்குடா பழம்?"

"யாரு வண்டியா இருந்தா என்னங்க மாமா? அவனுக்கு அது புது வண்டி தானுங்களே?"

 இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு எலுமிச்சம்பழப் படத்தை எடுத்து ஆட்டத்தில் போட்டேன். யாருடைய வண்டியைப் பிடுங்கினாலும் சக்கரத்துக்கு அடியில் பழம் தோன்றும், நசுங்கும், அப்புறம்தான் வண்டி நகரும். கார்களுக்கு மட்டும் என்று வைத்திருக்க வேண்டியதை அவசரத்தில் நிரலில் எல்லா வண்டிகளுக்கும் பொதுவான இடத்தில் வைத்துவிட்டேன். அதனால் போலீஸ் ஜீப்புக்கும் பழம் வந்தது, சைக்கிளுக்கும் வந்தது. கடத்தூர்க் கடலில் படகு கிளம்பினால் தண்ணீருக்கு மேல் நான்கு பழங்கள் வெடித்தன. ஹெலிகாப்டருக்குச் சக்கரமே கிடையாது. அதற்கும் வெறும் காற்றில் நான்கு. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று அப்படியே வெளியிட்டேன். இறக்கி ஆடியவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அவர்களில் ஒருவர்கூட அதைப் பிழையென்று சொல்லவில்லை. ஹெலிகாப்டர் வாங்கினால் பின்னே வைக்காமலா இருப்பார்கள் என்று நினைத்திருக்கலாம்.

ஐந்தாவது மாதம் கடையிலிருந்து என் ஆட்டத்தைத் தூக்கிவிட்டார்கள். எந்த ஊர் என்றே தெரியாத ஒரு கம்பெனி என் ஆட்டத்தை அப்படியே எடுத்து, பெயர்ப்பலகைகளை மட்டும் மாற்றி வெளியிட்டிருந்தது. அதோடு நில்லாமல், நான்தான் அவர்களைப் பார்த்துச் செய்தேன் என்று முந்திக்கொண்டு புகாரும் கொடுத்திருந்தது. அவர்களுடையது எனக்கு முன்பே வந்தது என்பதற்கு ஒரு காகிதத்தையும் தயார் செய்து வைத்திருந்தார்கள். பதில் சொல்ல எனக்குப் பத்து நாள். கடை அனுப்பிய படிவத்தில் ஒரே கேள்வி: இதில் நீங்கள் சொந்தமாக உருவாக்கிய பகுதி எது?

அந்தக் கட்டத்தின் முன்னால் நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன்.  வரைபடம் என்று எழுதி அழித்தேன். நட்சத்திரம் என்று எழுதவே கை வரவில்லை. கடத்தூரில் கடல் வைத்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று எழுதிவிட்டு ஒத்துப் பார்த்தால், கரையின் வளைவு வெளிநாட்டுக்காரர்களுடையது, நானே வரி பிசகாமல் வரைந்தது. பூப்போட்ட சட்டையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மூன்றரை வருடத்தைக் கொட்டிக் கிளறிப் பார்த்தும் என்னுடையது என்று கையில் எடுக்க ஒன்றும் அகப்படவில்லை. என்னைக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கொள்ளை போனது எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஐந்தாம் நாள் மத்தியானம் மச்சினன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். அவர்களுடைய ஆட்டத்தைத் தன் போனில் இறக்கியிருந்தான்.

"மாமா, இதைப் பாருங்க."

ஹெலிகாப்டர் கிளம்பியது. வயிற்றுக்கு அடியில் காற்றில் நான்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்கிச் சாறு தெறித்தது. நான் அதை மூன்று முறை பார்த்தேன். இந்த உலகத்தில் ஹெலிகாப்டருக்குப் பழம் வைக்கிற மடையன் நான் ஒருவன்தான்.

"உங்க தப்பக் கூட உடாம எடுத்துருக்கானுங்க," என்றாள் மனைவி. அதற்கு முன் என் வேலையைப் பற்றி அவள் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

படிவத்தில் எழுதினேன். பழம் என்னுடையதல்ல, இலவசமாக எடுத்தது. பழம் வைக்கிற வழக்கமும் என்னுடையதல்ல, ஊருடையது. அதைச் சக்கரமில்லாத வண்டிகளுக்கும் வைத்தது மட்டும் என் பிழை, அந்தப் பிழையை நான் சொந்தமாகச் செய்தேன். படகு, ஹெலிகாப்டர் என்று ஒவ்வொன்றுக்கும் படம் பிடித்து இணைத்தேன். அனுப்புவதற்கு முன் மனைவி அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"இதை ஒத்துக்குவாங்களாங்க?"

"ஒத்துக்கணும். வேற ஒண்ணும் இல்லையே."

விதிப்படி என் பதிலின் நகல் எதிர்த்தரப்புக்கும் போகும் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. சக்கரத்துக்குக் கீழே பழம் வைப்பது ஒரு பகுதியின் பொது வழக்கம். மற்றவை மென்பொருள் பிழைகள், பிழையைப் படைப்பாகக் கருத முடியாது. நீக்கம் இறுதியானது. நன்றி என்றும் போட்டிருந்தார்கள். மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போனை வாங்கிப் படித்தாள், திருப்பிக் கொடுத்தாள். "ஓசூருக்கு நானும் வரட்டுங்களா?" என்றாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். அவர்கள் ஆட்டத்துக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன என்று அதில் ஒரு வரி. அவன் ஹெலிகாப்டரைக் கிளப்பிக் காட்டினான். அது சுத்தமாக மேலே எழுந்தது. எங்கே எல்லாம் பழம் இருக்கிறது என்று பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டு எழுதிக் கொடுத்தது நான்தானே. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

அவன் படகை எடுத்தான். இல்லை. சைக்கிளை எடுத்தான், போலீஸ் ஜீப்பை எடுத்தான். கார்களிலும் பழத்தை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"போதும் உடு மாப்ள."

"இருங்க மாமா. டிராக்டர் ஒண்ணு வருமில்ல, அதுல எடுக்காம உட்டுருப்பானுங்க."

அவன் நெடுஞ்சாலையில் ஏறி டிராக்டரைத் தேடிக்கொண்டு போனான். போலீஸ் துரத்தியது. நான் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.