பயந்தவருக்கெல்லாம் துவக்கு

போன ஞாயிறு என் பெருவிரலைக் கேட்டு இரண்டு பெரிய மனிதர்கள் வந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வயதில் இந்த விரலைத் தேடி வேறு யார் வரப்போகிறார்கள்?

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்கிறேன், மருமகள் செல்வி எழுதுகிறாள். பேச்சு வழிமாறினால் பேனாவால் மேசையைத் தட்டுவாள். இப்போதே தட்டிவிட்டாள்... சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வந்தவர்களில் ஒருவர், எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி மிளகும் வாழையும் போட்டிருக்கும் முதலாளி. மற்றவர் டவுனில் துவக்குக்குத் தோட்டா விற்பவர். கோயிலுக்கு முன்னால் எல்லோரையும் கூட்டி, பால் கலக்காத பிளேன்டியும் பட்டர் கேக்கும் கொடுத்தார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மறைப்பானேன்? கேக் நன்றாகவே இருந்தது.

காட்டுப்பன்றித் தொல்லை. அதனால் துவக்கு லைசென்ஸ் சுலபமாகக் கிடைக்க வேண்டும். பயந்து சுட்டவன் மேல் கேஸ் வரக்கூடாது. இதுதான் அவர்கள் கோரிக்கை. தோட்டத்து ஜனங்களும் கேட்கிறார்கள் என்றால் கொழும்பில் காது கொடுப்பார்களாம். அதற்குத்தான் எங்கள் கைநாட்டு.

பன்றித் தொல்லை பொய்யில்லை. என் மரவள்ளியைக் கிழங்கோடு தின்றுவிட்டுப் போன பன்றி மேல் எனக்கும் கோபம்தான்.

ஆனால், முதலாளியின் வேலி ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. கொழுந்து பறிக்கிற பெண்கள் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். இடையில் பால் கொடுக்க அந்தக் குறுக்குப் பாதையில்தான் ஓடி வருவார்கள். ரோட்டைச் சுற்றி வந்தால் பிள்ளை அழுது களைத்துத் தூங்கிவிடும்.

மழைக்காலத்தில் ஒரு நாள். செல்வி தலையிலிருந்து முதுகு வரை கறுப்புக் கொங்காணியை மழைக்குப் போர்த்திக்கொண்டு அந்த வழியே ஓடியிருக்கிறாள். காலில் அட்டை ஏற, குனிந்து பிடுங்கியிருக்கிறாள். வெடிச் சத்தம். தலைக்கு மேலே வாழை இலை கிழிந்து விழுந்தது.

சுட்டது முதலாளியின் மகன். போலீஸில் என்ன சொன்னான் தெரியுமா? பன்றி பாய வருகிறது என்று பயந்துவிட்டானாம், உயிரைக் காப்பாற்றத்தான் சுட்டானாம். தற்காப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செல்வியும்தான் பயந்தாள். அவளிடம், அந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அன்றிலிருந்து அவள் ரோட்டைச் சுற்றித்தான் போய்வந்தாள். என் பேரன் பசியோடு தூங்கினான்.

செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எழுது பிள்ள, இதையும் எழுது" என்றேன்.

அந்த ஞாயிறு, கேக்குக்குப் பிறகு மைப்பெட்டி என் முன்னால் வந்தது.

"ஆச்சி, இங்க விரல வைங்க" என்றார் முதலாளி. சிங்களவர்தான், ஆனால் நன்றாகத் தமிழ் பேசுவார்.

"வைக்கிறேன் மாத்தயா. லைசென்ஸ் எங்களுக்கும் குடுப்பாங்களா?"

"காணி உறுதிப்பத்திரம் இருக்கிறவங்களுக்குத்தான் ஆச்சி."

"நாங்க குடியிருக்கிற லயமே எங்களுது இல்ல. காணிக்கு எங்க போறது? அப்ப வெரலு எங்களுது, துவக்கு ஒங்களுது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தோட்டாக்காரர் குறுக்கே வந்தார். "ஒங்க மரவள்ளியையும் நாங்கதானே காப்பாத்தப் போறோம்?"

"மரவள்ளி போனா திரும்ப நடுவேன். மருமக போனா?"

முதலாளி சிங்களத்துக்கு மாறினார். "பய வென்ன எபா ஆச்சி." பயப்படாதே என்கிறார்.

"பயமாத்தான் இருக்கு. ஒங்க மகன் பயந்தாரு, சுட்டாரு, வீட்டுக்குப் போயிட்டாரு. இப்ப அவரப் பாத்து நான் பயப்படுறேன். எனக்கு என்ன குடுப்பீங்க?"

முதலாளி கேக் தட்டை என் பக்கம் தள்ளினார். மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டு, விரலைச் சேலைக்குள் மடக்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்ற பெண்களும் கையை மடக்கினார்கள். முதலாளியின் லொறியில் வேலை செய்யும் இரண்டு பேர் மட்டும் வைத்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. பயந்தால் சுடலாம் என்றால், யாருடைய பயம் கணக்கில் வரும்? காணி உள்ளவருடைய பயம் சட்டமாகிறது. எங்கள் பயம் வெறும் பயமாகவே கிடக்கிறது.

திங்கட்கிழமை பால் கொடுக்கும் நேரம். பிள்ளை உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லோரும் செல்வியோடு அந்தப் பாதையில் இறங்கினோம். ஆளுக்கொரு தகரத்தைத் தட்டிக்கொண்டு போனோம். முன்னால் நான். பேரன் வயிறு முட்டக் குடித்து ஏப்பம் விட்டான்.

திரும்பும்போது முதலாளியின் மகன் தன் வீட்டு வாசலில் நின்றான்.

"என்ன ஆச்சி இந்தச் சத்தம்?"

"தற்காப்பு தம்பி. நாங்களும் பயந்தவங்கதானே?"

அவன் எங்களை ஒருமுறை பார்த்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பயம் வந்தால் அப்படியும் செய்யலாம், பாருங்கள்.