மகளின் பலகையை எரித்தவன் நான்

இதை வாசிக்கும் பிள்ளைகளே, இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

போர் முடிந்து மீள்குடியேறி வெள்ளாங்குளம் வந்தபோது எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. பல்ப், வானொலி எல்லாவற்றையும் உழவு இயந்திரத்தின் பற்றரியில்தான் கொளுவினோம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் மதுரா, பள்ளிக்கூடத்துக் கணினியில் கட்டளைகள் எழுதி, உள்ளங்கையளவு மின்சுற்றுப் பலகை ஒன்றில் ஏற்றியிருந்தாள். வயலில் தண்ணீர் வற்றினால் அது மணி அடிக்கும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி.

வெள்ளிக்கிழமை அவள் வெளியே போயிருந்தாள். மணிச்சத்தம் காணாது, இன்னும் பலமாகக் கேட்கவேண்டும் என்று நினைத்து, அதன் சின்ன பற்றரிகளைக் கழற்றிவிட்டு உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கொளுவினேன். அந்தப் பலகைக்கு ஐந்து வோல்ட் போதுமாம். நான் கொடுத்தது பன்னிரண்டு. கருகல் மணம் வந்தது. எல்லாவற்றையும் பழையபடி மாட்டி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

மதுரா வந்து பார்த்தபோது மணி அடிக்கவில்லை. “நான் எழுதினதிலதான் எங்கயோ பிழை அப்பா” என்று இரண்டு நாளும் கொப்பியில் வரி வரியாகத் தேடினாள்.

“அக்கான்ர மணி ஊமை மணி!” என்று சின்னவள் பகிடி பண்ணினாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஞாயிறு பின்னேரம் மதுரா, “நான் கண்காட்சிக்குப் போகேல்லை. எனக்கு உதெல்லாம் சரிவராது” என்று அழுதாள். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

“பலகை போனாப் போகட்டும் அப்பா. ரெண்டு நாளா நான் மொக்கு, மூளையில்லாதவள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்” என்றாள்.

இப்போது அவளிடமே அந்த வேலை பழகுகிறேன். எதையும் கொளுவுமுன் எத்தனை வோல்ட் என்று கேட்கிறேன். என்னால் ஏதாவது பழுதானால், அவள் தன்னில் பிழை தேடத் தொடங்குமுன், “இது அப்பான்ர பிழையம்மா” என்று சொல்லிவிடுகிறேன்.