கினுகோவின் வெளிர் மை

கினுகோ எழுதுவதில் பாதி எனக்குப் புரியாது. இத்தனைக்கும் அவள் எழுத்துக்கெல்லாம் பின்தாள் ஒட்டிச் சட்டம் போடுகிறவன் நான்தான். எங்கள் துறைமுக ஊரான ஓனோமிச்சியில் இந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது. காலையில் மீன் கடைகளுக்கு விலைப்பலகை எழுதுவாள், சின்னப் பிள்ளைகூட வாசித்துவிடும். மதியம் அதே தூரிகையால் ஓர் எழுத்தை எடுத்து, இழுத்து, உடைத்து, நாலு கோடும் ஒரு கறையுமாக என்னிடம் கொண்டுவருவாள்.

"இதுல எதும்மா மேல்பக்கம்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"இவ்வளவு நாளா ஒட்டுறீங்க, இன்னுமா தெரியலை அண்ணே?" என்று சிரிப்பாள்.

எதை எழுதினாலும் மை மட்டும் கன்னங்கரேலென்று இருக்கும். வெளிர் மை எங்களுக்குச் சாவுக்கானது. துக்க வீட்டுக்குப் பணம் வைத்துக் கொண்டுபோகும் உறையில் பெயரை அதில்தான் எழுதுவோம். கண்ணீர் விழுந்து மை கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

ராமென் நூடுல்ஸ் கடை தமோட்சுவின் மனைவி நாமி வசந்தத்தில் இறந்துபோனாள். கினுகோவுக்குப் பள்ளித் தோழி. கண்காட்சிக்காக வெளிநாடு போயிருந்த கினுகோ திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதன்பிறகு தமோட்சு அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. ஆனால் பூட்டிக் கிடந்த கடையை இலையுதிர் காலத்தில் மனைவி பெயரில் திறக்க நினைத்தபோது, பெயர்ப்பலகை எழுத அவளைத்தான் கேட்டான். நாமி இருந்தால் வேறு யாரையும் எழுத விட்டிருக்கமாட்டாள்.

திறப்புக்கு முந்தின நாள் பலகையை வாங்கிப்போக என் பட்டறைக்கு வந்தான். கினுகோவும் இருந்தாள். காயவைக்கும் பலகையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். சாம்பல் நிறத்தில் வளைந்த ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சில துளிகள். அத்தனையும் வெளிர் மை.

"சாவுக்குத்தான் வரலை. இப்ப கடையையும் சாகடிக்கப் பாக்குறியா?"

எனக்கும் எரிச்சல்தான். கடைக்கென்று சொல்லியிருந்தால் ஒட்டியே இருக்கமாட்டேன் என்று பொய் சொல்ல வாயெடுத்து, அதைவிட மோசமாக உளறினேன். "மேல கறுப்புல ஒரு இழுப்பு இழுத்துடேம்மா."

சூப்பில் துப்பியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இழுத்த கோட்டின் மேல் மறுபடி தூரிகை வைக்கக்கூடாது. முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது.

"நாமிக்கு நான் துக்க உறை எழுதலைங்க," என்றாள் தமோட்சுவிடம். "பலகை எழுதத்தான் உக்காந்தேன், இதுதான் வந்துச்சு. தப்பு என்னோடதுதான். வேற எழுதித் தர்றேன்."

என் மைக்கல்லிலேயே மை உரைத்து, கறுப்பாக, தெளிவாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதை அவசரமாகப் பலகையில் ஒட்டிக் கொடுத்தேன். தமோட்சு வாசல்வரை போய்த் திரும்பினான்.

"அதையும் குடுங்க."

மறுநாள் கினுகோவை வற்புறுத்திச் சாப்பிட அழைத்துப் போனேன். வாசலில் கறுப்பு எழுத்துப் பலகை. உள்ளே அடுப்புக்கு மேலே அந்த வெளிர் மைத் தாள். கினுகோவைத் திரும்பிப் பார்த்தேன். சரியாகத்தான் மாட்டியிருக்கிறான் என்று தலையசைத்தாள். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

"எது மேல்பக்கம்னு யாருப்பா சொன்னது?" என்று கேட்டேன்.

தமோட்சு நூடுல்ஸை உதறிக்கொண்டே சொன்னான். "யார் சொல்லணும்? இந்த அடுப்புல குனிஞ்சு நிப்பாளே, அந்த முதுகுதானே."

கினுகோ குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, கடை நிறைய ஆட்கள் பார்க்க, வாய்விட்டு அழுதாள். தமோட்சு ஒரு கிண்ணத்தை அவள் முன்னால் நகர்த்தினான்.

"சாப்பிடு. ஊறிப்போச்சுன்னா அவ திட்டுவா."