அக்கா அழித்து அனுப்பிய புதிர்கள்

சலோமி அக்கா இறந்துவிட்ட செய்தி சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். செய்திக்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அந்தக் கைகளுக்குக் கீழேயே ஒருவர், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு மட்டனா கோழியா என்று கேட்டிருந்தார். அதற்கும் உடனுக்குடன் பதில்கள் வந்தன. வெட்டிய மீனை வாங்காமலே வந்துவிட்டேன். அக்காவை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், கோபத்தோடுதான் எழுதுகிறேன். அவருக்கும் கோபம் வரும். வந்தால் மறைக்க மாட்டார்.

அக்கா ஓய்வுபெற்ற தாதி. சனிக்கிழமை காலையில் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயில் ஏறி, சபைக்குப் பின்னாலுள்ள சிறிய அறைக்கு வந்துவிடுவார். நாம் வீட்டில் படித்து முடித்த கிறிஸ்தவ மாத இதழ்களைக் கேட்டு வாங்கி, தாதிமை இல்லங்களில் கிடப்பவர்களுக்கும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் இருப்பவர்களுக்கும் தபாலில் அனுப்புவார். செங்காங்கிலிருந்து நான் போய் உறைகளை ஒட்டுவேன். இதழ்களின் கடைசிப் பக்கத்தில் வேதாகமக் குறுக்கெழுத்துப் புதிர் இருக்கும். நம் வீடுகளில் அதை நிரப்பிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அக்கா உட்கார்ந்து கட்டம் கட்டமாக ரப்பரால் அழிப்பார்.

"படிக்கத்தானே அனுப்புறோம், புதிர் எப்படி இருந்தா என்னக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சாப்பிட்ட தட்டக் கழுவாமலா அடுத்த ஆளுக்குச் சோறு போடுவ?" என்றார்.

பேனாவால் நிரப்பிக் கொண்டுவந்த ஒரு சபை மூப்பரை வாசலிலேயே நிறுத்தி, "அடுத்தவங்களுக்குக் குடுக்கிற எண்ணம் இருந்தா பென்சில்ல எழுதுங்க" என்று சொன்னதும் அந்த அறையில்தான். மூப்பர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைப் பற்றி அக்கா கவலைப்படவும் இல்லை.

பிறகு சபைக் கமிட்டி கூடி, இனிமேல் இதழ்களைக் கைபேசியில் அனுப்பினால் போதும் என்று முடிவெடுத்தது. முடிவை எல்லாருக்கும் சொன்னார்கள், அக்காவையும் என்னையும் தவிர. அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது இதழ் அலமாரி இருந்த இடத்தில் ஒரு காபி மேசை நின்றது.

"பழைய சாமான் எடுக்கிற காராங்குனிக்காரர் வந்தாரு சிஸ்டர், பழைய பேப்பரோட போட்டுட்டோம்" என்றார் செயலாளர். "இப்ப எல்லாரும் போன்லதான் படிக்கிறாங்க. ஈஸி லா."

"போன்ல வர்றதத் தலகாணிக்கு அடியில வெச்சுக்க முடியுமா?" என்று அக்கா கேட்டார். செயலாளர் சிரித்தார். போட்டவற்றில் அக்கா பெயரெழுதித் தபால்தலை ஒட்டி வைத்திருந்த உறைகளும் இருந்தன. ஒரு மனிதரின் பெயர் எழுதிய உறையை எப்படி ஐயா பழைய பேப்பரில் போட மனம் வந்தது? அன்று நான் கேட்கவில்லை, அக்கா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார். அதன்பின் மருத்துவமனையில் படுக்கும்வரை, கிடைத்த சில இதழ்களைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

அக்கா குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். அதே செயலாளர் மைக்கைப் பிடித்து, "சகோதரியின் இதழ் ஊழியம் நம் சபைக்குக் கிடைத்த ஆசீர்வாதம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் நெற்றியில் திருநீற்றோடு ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். பெயர் செல்வம், கட்டுமான ஊழியர். உறைக்குப் பின்னாலிருந்த எண்ணுக்கு அழைத்தபோது அக்காவின் மகள் விஷயத்தைச் சொன்னாளாம். கையில் ஓர் இதழ் வைத்திருந்தார்.

"அம்மா அனுப்புனதுண்ணே. படிச்சுட்டேன், புதிரையும் அழிச்சுட்டேன். அடுத்து யாருக்கு அனுப்பணும்?"

நீங்கள் இதையெல்லாம் படிப்பீர்களா என்று கேட்டேன்.

"சாமி விஷயமெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. ரூம்ல எம்பேரு போட்டு வர்ற தபால் இது ஒண்ணுதான்."

பக்கத்தில் வந்து நின்ற செயலாளர் அவர் தோளைத் தட்டி, "நம்பர் குடுங்க தம்பி, இனிமே போன்லயே வந்துடும்" என்றார்.

"அவர் கேட்டது அது இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்த இதழை மார்சிலிங்கில் படுக்கையோடு இருக்கும் ஒரு பெரியவருக்கு அனுப்பிவிட்டேன். அக்காவின் ரப்பரை அவர் மகள் என்னிடம் கொடுத்திருக்கிறாள். பாதி தேய்ந்திருக்கிறது, இன்னும் நன்றாக அழிக்கிறது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுவும் இந்தக் கோபமும்தான். ஆகவே அன்பர்களே, கூப்பிய கைகளை அனுப்பியது போதும். புதிரைப் பென்சிலால் போடுங்கள், படித்த இதழைக் கொண்டுவந்து கொடுங்கள். சனிக்கிழமை காலையில் அதே அறையில் இருப்பேன். காபி மேசையை நானே நகர்த்திக்கொள்கிறேன்.