நத்தர்சா ராவுத்தரின் சாவி

பள்ளிப் பிள்ளைகளின் தலைகளைத் தொட்டு எண்ணிக்கொண்டே போகிறார் ராவுத்தர். ஒவ்வொன்றாக அல்ல, இரண்டிரண்டாக. "ரெண்டு, நாலு, ஆறு, எட்டு..." தோல் மண்டியில் ஆட்டுத்தோல் எண்ணுகிற பழக்கம் பள்ளிக்கூட வாசலிலும் விடவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "அம்பத்தி மூணு. ஒண்ணு ஒத்தையா நிக்கிதே, அதோட சோடி எங்க?" என்பார். வராத பிள்ளையின் வீட்டு வாசலில் ஐந்து நிமிஷத்தில் அவருடைய குடை நிற்கும்.

கறம்பக்குடியில் எங்கள் தபாலாபீசுக்கு எதிரே இருக்கிறது அந்த முஸ்லிம் ஆரம்பப் பாடசாலை. நத்தர்சா ராவுத்தர் அதன் மானேஜர். வயது ஐம்பத்தெட்டு. இடுப்பில் நாலு விரல் அகலத்துக்குப் பச்சை பெல்ட், அதில் மூன்று பை. ஒன்றில் மூக்குப்பொடி, ஒன்றில் ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணி, மூன்றாவதில் பள்ளிக்கூடத்துச் சாவி.

சாவியை யாரிடமும் தரமாட்டார். விடிகாலையில் குர்ஆன் ஓதிக்கொடுக்க ஹஜ்ரத் வந்தாலும் இவர்தான் திறக்க வேண்டும். பத்து மணிக்குத் தமிழ் வாத்தியார் வந்தால் அலமாரியையும் இவர்தான். மண்டியில் சரக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார். காய்ச்சலில் கிடந்தபோது கட்டிலோடு தூக்கிவரச் சொல்லிக் கதவைத் திறந்தாராம். கட்டில் கதையை நான் நம்பவில்லை. ஆனால் அவர் செய்யக்கூடியவர்தான்.

தமிழைச் சரளமாக எழுதுவார், ஆனால் அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக. தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆகவே புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கடுதாசி எது வந்தாலும் தபால் குமாஸ்தாவான என்னுடைய ஜன்னலுக்கு வந்துவிடுவார். "தம்பி, மெதுவாப் படிங்க. கோவமா எழுதியிருந்தா மொதல்லயே சொல்லிப்புடுங்க, ஒக்காந்துக்கிறேன்."

இரண்டு வருஷமாக அவர் சமஸ்தானத்தைக் கேட்டுவருவது ஒன்றே ஒன்று: ஐந்தாம் வகுப்பு. இங்கே நாலாவதோடு சரி. ஆண் பிள்ளைகள் பஸ் ஏறி வெளியூர் போய்ப் படிக்கிறார்கள். பெண் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். அவருடைய மூத்த மகள்கள் இருவரும் அப்படி நின்றவர்கள். இப்போது நாலாவது முடிக்கும் ஏழு பெண்களில் கடைக்குட்டி பல்கீசும் ஒருத்தி. பெண் வாத்தியார் இருந்தால் பெண் பிள்ளைகளை மேலே படிக்க அனுப்பச் சம்மதம் என்று ஊர் ஜமாஅத்தில் சொன்னதும், புதுக்கோட்டைக்குப் போய்ப் பிரகதாம்பாள் டீச்சரை அழைத்துவந்து பின்தெருவில் குடிவைத்தார். "என்ன வேணும்னாலும் கூச்சப்படாமக் கேளுங்கம்மா" என்றார். டீச்சர் முதலில் கேட்டது சாவியை.

"அதத் தவிர வேற ஏதாச்சும் கேளுங்களேன்" என்று நழுவிவிட்டார்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு வேலைநாள். ஐந்தாம் வகுப்புக்காகப் பார்வையிட வேண்டிய, புதிதாக மாற்றலாகி வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு அது தெரியாது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகலில் வில்வண்டியில் வந்து இறங்கி, பூட்டிய கதவின் முன்னால் நின்றார். ராவுத்தர் பக்கத்துப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்கு உட்கார்ந்திருந்தார். குத்பா பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. அப்போது வாய் திறக்கக் கூடாது. பேசுகிறவனைப் பார்த்து 'சும்மா இரு' என்று சொல்வதுகூடக் கூடாது. பள்ளிவாசல் ஜன்னல் வழியாக அவருக்கு இன்ஸ்பெக்டர் தெரிகிறார். என் ஜன்னல் வழியாக எனக்கு ராவுத்தரின் முகம் தெரிகிறது. கை மட்டும் பெல்ட்டைப் பிடித்தபடி இருந்தது.

ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்படிங்களா! நான் மறுபடி இந்தப் பக்கம் வர ஆறு மாசம் ஆகுமே" என்றார் இன்ஸ்பெக்டர். ஆறு மாதத்தில் ஏழு பெண்களும் அடுப்படியில் இருப்பார்கள்.

அதற்குள் வில்வண்டிச் சத்தம் கேட்டுப் பின்தெருவிலிருந்து பிரகதாம்பாள் டீச்சர் வந்துவிட்டார். பின்னாலேயே ஏழு பெண்களும். சாவி இல்லை, பலகை இல்லை, சாக்கட்டி இல்லை. டீச்சர் யோசிக்கவே இல்லை. பிள்ளைகளை வாசற்படியில் உட்காரவைத்தார். சுவரிலிருந்து உதிர்ந்து கிடந்த சுண்ணாம்புக் கட்டி ஒன்றை எடுத்து, எண்ணெய் பூசிக் கறுத்த அந்தக் கதவிலேயே எழுத ஆரம்பித்தார். தன் வில்வண்டி ஆலங்குடி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று இன்ஸ்பெக்டர் கணக்குக் கொடுத்தார். பல்கீசு எழுந்து போய், பூட்டுக்கு ஒரு பக்கம் வகுத்து, மறு பக்கம் விடை எழுதினாள்.

தொழுகை முடிந்ததும் ராவுத்தர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். "இந்தா தொறந்துடுறேங்க! ஒரே நிமிசம்!" அவசரத்தில் சாவி பூட்டில் நுழையவில்லை.

"எழுதி அனுப்புறேங்க" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் வண்டி ஏறினார்.

மூன்று வாரம் ராவுத்தர் தலைகளை எண்ணும்போது கணக்குத் தப்பியது. கடைசியில், ஒரு சனிக்கிழமை, கடுதாசி வந்தது.

"கோவமா எழுதியிருக்காகளா?"

"இல்லைங்க. ஐந்தாம் வகுப்பு நடத்த அனுமதி கொடுத்திருக்கு."

கேட்டதும்தான் உட்கார்ந்தார். கீழே இன்னொரு வரி இருந்தது, அதையும் படித்தேன். 'கதவு திறக்கும்வரை காத்திராமல் ஆசிரியை பாடம் நடத்தியதைக் கண்டேன்.' அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து பின்தெருப் பக்கம் போனார்.

மறுநாள் ஞாயிறு. எனக்கு விடுமுறை, பழக்கத்தில் ஜன்னலோரம் நின்றிருந்தேன். எதிரே கதவு அதற்குள் திறந்திருந்தது, பல்கீசு போட்ட கணக்கு அழியாமல். ராவுத்தர் குடையோடு படியேறினார். கை தன்பாட்டுக்கு பெல்ட்டின் மூன்றாவது பைக்குப் போய், வெறுமனே திரும்பியது. சற்று நின்றார். பிறகு, திறந்திருந்த அந்தக் கதவை விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினார்.

"டீச்சர், உள்ள வரலாங்களா?"