பக்கத்து சீட்டில் ஒரு வலி மாத்திரை

இன்று காலை எண்ணூரிலிருந்து வந்த பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். கன்டெய்னர் யார்டில் சரக்கு ஏற்றி இறக்குகிறாராம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப்பையிலிருந்து ஒரு வலி மாத்திரையைப் பிரித்தார்.

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இவரைவிட இளையவர். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி இடது கை நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது.

"அண்ணே, உனுக்கு சுகர் கீதா?"

"கீதுப்பா. பிரஷரும் கீது. ரெண்டுக்கும் மாத்திர போட்டுகினுதான் கீறேன்."

"அத்தோட இத்தையும் டெய்லி போடுறியா? எனுக்கும் சுகர் கீது. நானும் லாரி ஓட்டசொல்லோ இடுப்பு வலிக்கு இப்டித்தான் முழுங்கினு இருந்தேன். டாக்டராண்ட சொல்லவேயில்ல. இப்ப கிட்னி ரெண்டும் போச்சு. நம்மள மாதிரி ஆளுக்கு இது ஆவாதுண்ணே."

யார்டுக்காரர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப வலிக்கு இன்னா பண்றது?"

"டாக்டராண்ட கேளு. வேற எதுனா குடுப்பாரு."

"கேட்டேன். மூட்ட தூக்காதன்றாரு. தூக்கலன்னா வூட்ல அடுப்பு எரியுமா தம்பி?"

முன் சீட்டுக்காரர் ராயபுரத்தில் இறங்கும்போது யார்டுக்காரரின் தோளைத் தொட்டு, "வோணாம்ணே" என்று மட்டும் சொன்னார்.

அவர் கூட்டத்தில் மறையும்வரை யார்டுக்காரர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, என் தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

கொடுத்துவிட்டேன். வீட்டில் காய்ச்சி ஆறவைத்த, ரொம்ப சுத்தமான தண்ணீர்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?